கடல் கடந்த கைக்கருவிகள்: அந்தமானும் பழுதுபார்ப்பின் வரலாறும்

திரை, பொத்தான்கள், ஒலிபெருக்கி, பேட்டரி ஆகிய அனைத்தும் ஒரே கூட்டுக்குள் அடங்கி, கையில் பிடித்தபடியே ஆடக்கூடிய சிறு கணினியே கையடக்க விளையாட்டுக் கருவி எனப்படுகிறது. 1980-களிலும் 1990-களிலும் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையான இக்கருவிகளுக்கான உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் சேவையையும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள் நிறுத்திப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அதன் பின்னரும் அவற்றுள் கணிசமானவை இயங்கிக்கொண்டிருப்பதற்கு, அவற்றின் எளிய கட்டமைப்பும், வீட்டு மேசையில் வைத்து அவற்றைப் பிரித்து, துடைத்து, பழுதுநீக்கி, தேவைப்பட்ட இடத்தில் புதிய பாகம் பொருத்தும் ஆர்வலர்களின் கைத்திறனுமே காரணம். இக்கைத்திறனின் வரலாற்றை ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளோடு நிறுத்திவிடுவது முழுமையாகாது. சென்னையின் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும், அங்கிருந்து கப்பலேறிய சரக்குகள் போய்ச் சேர்ந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியவை. ஒரு மின்னணுக் கருவி எத்தனை காலம் வாழும் என்பதை அதன் ஆற்றலைக் காட்டிலும், அதைத் திறந்து பார்க்க முடிகிற தன்மையே தீர்மானிக்கிறது என்பதையும், உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த தீவு அந்தத் தன்மையைக் கடுமையாகச் சோதிக்கும் களம் என்பதையும் அவ்வரலாறு காட்டுகிறது.

பழகிய தொழில்நுட்பத்தின் பிள்ளை

கையடக்க விளையாட்டுக் கருவியின் வடிவத்தை நிலைநிறுத்தியவர் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றிய குன்பெய் யோகோய் ஆவார். ரயிலில் பயணம் செய்த ஒருவர் பொழுதுபோக்காகக் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டதே தமது எண்ணத்துக்கு வித்திட்டது என்று அவர் பின்னாளில் கூறினார். 1980-இல் வெளியான ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசைக் கருவிகள், கால்குலேட்டர்களில் ஏற்கெனவே மலிந்துவிட்ட திரவப்படிகத் திரையையும் பட்டன் செல்லையும் கொண்டே உருவாயின. புதிதாக வந்த விலையுயர்ந்த நுட்பத்தைத் துரத்தாமல், நன்கு பழகி, விலை குறைந்து, குறைகள் யாவும் தெரிந்துவிட்ட நுட்பத்தை எவரும் எண்ணிப் பாராத புதுப் பயனுக்குத் திருப்புவதே யோகோயின் கொள்கையாக இருந்தது.

அக்கொள்கையின் முதிர்ந்த விளைவாக 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் ‘கேம் பாய்’ வெளியானது. 160 புள்ளி அகலமும் 144 புள்ளி உயரமும் கொண்ட அதன் திரையில் நான்கு சாயல்கள் மட்டுமே தெரிந்தன. வண்ணம் இல்லை, பின்னொளியும் இல்லை. விநாடிக்கு ஏறத்தாழ 42 லட்சம் துடிப்புகளில் இயங்கிய எட்டு பிட் செயலியும் 8 கிலோபைட் நினைவகமும் அக்கால அளவுகோலிலும் எளியவையே. ஆயினும் நான்கு பென்டார்ச் செல்களில் ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடியமையாலும், விளையாட்டுகளைத் தனித்தனிக் கேசட்டுகளாக மாற்றிப் போட முடிந்தமையாலும், அமெரிக்கச் சந்தையில் ‘டெட்ரிஸ்’ விளையாட்டுடன் சேர்த்தே விற்கப்பட்டமையாலும் அது பெருவெற்றி கண்டது. பின்னர் வந்த ‘கேம் பாய் கலர்’ கருவியையும் சேர்த்து மொத்த விற்பனை 11 கோடியே 80 லட்சத்தைக் கடந்தது.

அதே காலத்தில் களமிறங்கிய செகா நிறுவனத்தின் ‘கேம் கியர்’ (1990) வண்ணத் திரையும் பின்னொளியும் பெற்றிருந்தது. ஆனால் ஆறு பென்டார்ச் செல்களையும் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டது. காலப்போக்கில் அதைவிடப் பெரிய குறை ஒன்று வெளிப்பட்டது. அதன் மின்சுற்றுப் போர்டில் பதிக்கப்பட்ட சிறு மின்பகுளிக் கெபாசிட்டர்கள், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கி வைத்து மின்னழுத்தத்தைச் சீராக்கும் உருளை வடிவப் பாகங்கள், ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருந்த திரவத்தைக் கசியவிட்டன. திரை மங்கி, ஒலி குன்றி, இறுதியில் கருவி செயலிழப்பது கேம் கியருக்கு ஏறக்குறைய விதியாகவே அமைந்தது. இன்று இயங்கும் கேம் கியர்களில் பெரும்பாலானவை எவரேனும் ஒருவர் அமர்ந்து கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றியவை என்று கொள்ளலாம். எளிய கருவி நீடித்ததும், ஆற்றல் மிக்க கருவி கைத்திறனின் தயவில் மட்டுமே பிழைத்ததும், யோகோயின் கொள்கை விற்பனைக்கு மட்டுமன்றி ஆயுளுக்கும் பொருந்தியதைக் காட்டுகின்றன.

இருவேறு இடப்பெயர்வுகளும் ஒரு சந்தையும்

இக்கருவிகள் தமிழ் மக்களின் கைக்கு வந்த வழி, இடம்பெயர்ந்தவர்களின் வரலாற்றோடு பின்னியது. 1962-இல் பர்மாவில் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வணிக நிறுவனங்களையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் பெருந்திரளாகத் தாயகம் திரும்பினர். அவ்வாறு வந்தோரின் வாழ்வாதாரத்துக்காகச் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, இன்றைய ராஜாஜி சாலையில், 1969-இல் அமைந்ததே பர்மா பஜார். அதே காலப்பகுதியில், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழர்களுள் ஒரு பகுதியினர், நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டப் பணிக்காகக் குடியமர்த்தப்பட்டனர். ஓர் இடப்பெயர்வு வெளிநாட்டுப் பொருட்கள் புழங்கும் சந்தையைச் சென்னையில் உருவாக்கியது. மற்றொன்று தீவுகளில் தமிழ்க் குடியிருப்பு ஒன்றை உருவாக்கியது. சந்தைக்கும் தீவுக்கும் இடையே ஓடிய கப்பல் இரண்டையும் இணைத்தது.

அந்நாளைய இந்தியாவில் நுகர்பொருள் இறக்குமதி கடுமையான கட்டுப்பாட்டில் இருந்தது. 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின்னரும் நுகர்பொருட்கள் மீதான அளவுக் கட்டுப்பாடுகள் உடனே நீங்கவில்லை. எஞ்சியிருந்த 715 பொருள்வகைகளின் மீதான தடை 2001 ஏப்ரல் 1 அன்றுதான் விலக்கப்பட்டது. ஆகவே, வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினரின் பெட்டியில் வந்தவை, பர்மா பஜார் போன்ற இடங்களில் கிடைத்தவை ஆகியவையே நெடுங்காலம் வெளிநாட்டு மின்னணுப் பொருட்களுக்கான வழிகளாயிருந்தன. இவ்வாறு வந்த பொருளுக்கு உத்தரவாதச் சீட்டோ அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையமோ இல்லாமையால், பழுதானால் அதைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் கிளைத் தெருக்களும் இந்தத் தேவைக்கு ஈடுகொடுத்தன. டிரான்சிஸ்டர், ஐசி, கெபாசிட்டர், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் என்று ஒரு பழுதுபார்ப்பவருக்கு வேண்டிய அனைத்தும் சில்லறையாகக் கிடைத்த அத்தெரு, நூலில் படிக்கக் கிடைக்காத அறிவு கடைப்பலகையின் இருபுறமும் கைமாறிய பள்ளியாகவும் விளங்கியது.

நின்டெண்டோவின் அசல் கருவி வசதி படைத்த சிலர்க்கே எட்டியது. பெரும்பான்மையான இந்தியக் குழந்தைகள் 1990-களில் முதலில் கையில் பிடித்த கருவி, சீனாவிலிருந்து மலிவாக வந்த ‘பிரிக் கேம்’ ஆகும். அதன் கூட்டின் மீது 9999 விளையாட்டுகள் உள்ளதாக அச்சிடப்பட்டிருந்தாலும், உண்மையில் டெட்ரிஸ், பாம்பு, கார்ப் பந்தயம் முதலான சில விளையாட்டுகளே வேகமும் தடைகளும் மாறி மாறி எண்ணிக்கையைப் பெருக்கின. பத்துக்கு இருபது என்ற அளவில் அமைந்த சிறு சதுரங்களே அதன் திரை. மாஸ்கோவில் அலெக்சி பஜித்னவ் 1980-களின் நடுவில், எழுத்துகளை மட்டுமே காட்டும் கணினியில் உருவாக்கிய டெட்ரிஸ் விளையாட்டுக்கு அந்தச் சதுரங்களுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

பிரிக் கேமின் உட்புறம் கற்போருக்கு நல்ல பாடநூல். அதன் செயலி ஐசி என்னும் தனிச் சில்லாக நிற்காமல், போர்டின் மீதே ஒட்டப்பட்டு, கருநிறப் பிசின் துளியால் மூடப்பட்டிருக்கும். திரைக்கும் போர்டுக்கும் இடையே கம்பி இணைப்பு ஏதும் இராது. மின்கடத்தும் அடுக்கும் கடத்தா அடுக்கும் வரிக்குதிரையின் கோடுகள் போல மாறி மாறி அமைந்த மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று, ஸ்க்ரூக்களின் அழுத்தத்தால் மட்டுமே இரண்டையும் தொட வைக்கும். திரையில் சில சதுரங்கள் தோன்றாமற்போனால், பெரும்பாலும் அப்பட்டையில் தூசியோ ஈரமோ படிந்திருக்கும் அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். பட்டையைக் கழற்றித் துடைத்து, நேராக வைத்து, ஸ்க்ரூக்களைச் சமமாக முறுக்கினால் சதுரங்கள் திரும்பிவரும். சால்டரிங் அயர்ன் இல்லாமலே செய்யக்கூடிய இந்தப் பழுதுநீக்கம், ஒரு கருவியின் உள்ளே நிகழ்வது மந்திரமன்று, தொடுதலும் அழுத்தமும்தான் என்பதைத் திறந்து பார்த்தவருக்கு உணர்த்தியது.

மெயின்லேண்டும் தீவும்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போர்ட் பிளேர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து வரும் பயணிகள் கப்பல்கள் அங்குள்ள ஹேடோ துறையை அடைய இரண்டரை நாள் முதல் நான்கு நாள் வரை எடுத்துக்கொள்கின்றன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581; அவர்களுள் 15 விழுக்காடு அளவினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அரிசி முதல் அயர்ன் பாக்ஸ் வரை பெரும்பாலான நுகர்பொருட்கள், தீவினர் மெயின்லேண்ட் என்று குறிப்பிடும் நிலப்பகுதியிலிருந்தே வந்து அபர்டீன் பஜாரின் கடைகளை நிரப்பின. அங்கிருந்து மாயாபந்தர், திக்லிபூர், ஹட்பே, கார் நிக்கோபார் என்று மேலும் விலகிய இடங்களுக்குச் செல்ல இன்னொரு கப்பலோ நெடிய சாலைப் பயணமோ வேண்டியிருந்தது. இத்தகைய நிலப்பரப்பில் ஒரு சிறு ஐசிக்காகக் காத்திருப்பது வாரக் கணக்கில் நீளும். ஆகவே, உடைந்ததிலிருந்து நல்ல பாகத்தைக் கழற்றி வைத்துக்கொள்வதும், இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவதும் அங்குப் பழுதுபார்ப்பின் இயல்பான முறைகளாகின்றன.

மின்சாரமும் தகவல் தொடர்பும் தீவுகளில் வேறு கணக்கில் இயங்கின. நாட்டின் மின்கட்டமைப்போடு இணைய வழியில்லாத தீவுகளில், பெரும்பங்கு மின்சாரம் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்தே கிடைத்து வந்துள்ளது. இணையமோ நெடுங்காலம் செயற்கைக்கோள் வழியாக மட்டுமே, குறைந்த கொள்ளளவில், அதிகச் செலவில் வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கம்பிவடம் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய இடங்களுக்கும் இடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரையில், பதிவிறக்கம் கேளாமல், இணைப்பு வேண்டாமல், இரண்டு அல்லது நான்கு செல்களில் தானே இயங்கும் கருவிக்குத் தீவு வாழ்க்கையில் இருந்த பொருத்தம் நிலப்பகுதி நகரங்களில் இருந்ததைக் காட்டிலும் கூடுதலானது.

தன்னிறைவு கொண்ட சிறு கருவியின் மதிப்பை 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி வேறொரு துறையில் நிறுவிக்காட்டியது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு ஒன்று, அரசின் சிறப்பு அனுமதியுடன் அம்மாதத் தொடக்கத்திலிருந்தே போர்ட் பிளேரில் தங்கி, ‘விஎச்எஃப்’, ‘எச்எஃப்’ அலைவரிசைகளில் இயங்கும் அமெச்சூர் வானொலி நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்த வேளையில் அக்குழுவின் சிறு நிலையமே தீவுகளிலிருந்து நிலப்பகுதிக்கு உயிர்த்தகவல்களைக் கொண்டுசென்ற வழிகளுள் ஒன்றாயிற்று. கார் நிக்கோபாரிலும் அத்தகைய நிலையம் ஒன்று பின்னர் அமைந்தது. அமெச்சூர் வானொலியாளர்கள் தங்கள் கருவிகளைத் தாமே கட்டவும் திருத்தவும் பயின்றவர்கள். விளையாட்டுக் கருவியைத் திறந்து பார்க்கும் சிறுவனும் அவர்களும் கற்கும் முதற்பாடம் ஒன்றே: மின்சாரம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே நின்றுபோகிறது என்று அளந்து பார்ப்பது.

உப்பின் வேலை

தீவில் மின்னணுக் கருவிக்கு வரும் கேடு நிலப்பகுதியில் வருவதினின்று அளவாலும் விரைவாலும் வேறுபட்டது. இரு பருவமழைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் பொழியும் அந்தமானில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியும் உயர்ந்தே நிற்கிறது. கடற்காற்றில் கலந்து வரும் நுண்ணிய உப்பு போர்டின் மீது படிந்து, ஈரத்தை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத மின்பகுளிப் படலமாகிறது. அப்படலத்தின் ஊடே மின்னோட்டம் பாயும்போது செம்புத் தடங்கள் அரிக்கப்பட்டுப் பச்சைப் பூப்பாக மாறுவதும், ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு உலோக இழைகள் வளர்ந்து குறுக்கிணைப்பு உண்டாவதும் நிகழ்கின்றன. ஆகவே, செல்களைக் கழற்றி வைத்த கருவியைவிட, செல்களைக் கழற்றாமல் மறந்துவிட்ட கருவியே தீவில் விரைவாக அழிகிறது.

செல்கள் தரும் கேடும் இருவகைப்படும். இந்தியாவில் நிப்போ, எவரெடி முதலான பெயர்களில் வீடுதோறும் புழங்கிய சிங்க்–கார்பன் செல்கள் தீர்ந்தபின் துருவேற்றும் அமிலத்தன்மை கொண்ட கசிவை விடுகின்றன. ஆல்கலைன் செல்களோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தைக் கசியவிட்டு, காற்றுபட்டதும் வெண்ணிறப் பொடியாகப் பூக்கின்றன. முன்னதற்குச் சமையல் சோடாக் கரைசலும் பின்னதற்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறும் ஏற்ற மருந்து. எது கசிந்தது என்று தெரியாமல் கையில் கிடைத்ததைத் தடவினால் கேடு கூடும். இருவகையிலும் இறுதியில் 99 விழுக்காடு தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, ஈரம் முற்றிலும் நீங்கக் காயவைப்பது இன்றியமையாதது.

திரையும் தப்புவதில்லை. திரவப்படிகத் திரை என்பது, இரு கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்ட திரவப்படிகத்தை, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் செல்லவிடும் துருவணத் தாள்கள் இருபுறமும் மூடியிருக்கும் அமைப்பாகும். மின்னழுத்தம் படும் இடத்தில் படிகத்தின் முறுக்கு அவிழ, ஒளி தடைபட்டு அப்புள்ளி கருமையாகத் தெரிகிறது. அத்தாள்களில் பயன்படும் செல்லுலோஸ் அசிட்டேட் படலம் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சிதைந்து, அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. பழைய திரைப்படச் சுருள்களைக் காப்பகங்களில் அழித்த அதே வினிகர் நோய் இங்கும் தோன்றுகிறது. பழைய கருவியொன்றின் கூட்டைத் திறந்ததும் புளித்த வாடை வந்தால், துருவணத் தாளை மாற்றும் காலம் வந்துவிட்டதென்று அறியலாம்.

மேசையின் மீது ஒரு கேம் பாய்

மீட்டெடுப்பின் நடைமுறையை அசல் கேம் பாய் ஒன்றை முன்வைத்து விளக்கலாம். அதன் கூட்டை மூடும் ஸ்க்ரூக்கள் வழக்கமான கூட்டல் தலை கொண்டவையல்ல. மூன்று கிளைகள் கொண்ட தலையை நின்டெண்டோ வேண்டுமென்றே தேர்ந்தது. அதற்குரிய ஸ்க்ரூ டிரைவர் இன்று எளிதில் கிடைக்கிறது என்றாலும், பயனாளர் உள்ளே நுழைவதை நிறுவனம் விரும்பவில்லை என்பதற்கு அந்த ஸ்க்ரூவே சான்று. கூடு திறந்ததும் முன்பகுதியில் திரைப் போர்டும் பின்பகுதியில் செயலிப் போர்டும் தனித்தனியாக நிற்க, நடுவே அகன்ற நாடா ஒன்று இரண்டையும் இணைக்கும். அந்நாடாவை இழுக்காமல், அதன் சாக்கெட்டிலிருந்து நேராகக் கழற்றுவதே முதற்கட்டப் பொறுமை.

முதலில் ஆன்–ஆஃப் சுவிட்ச், ஒலியளவுத் திருகு, கேசட் நுழையும் பின்கள் ஆகியவை ஆல்கஹாலால் துடைக்கப்படுகின்றன. இயங்காதென ஒதுக்கப்பட்ட கருவிகளுள் பல இந்த ஒரு படியிலேயே உயிர்பெறுகின்றன. அடுத்து, பொத்தான்களின் அடியிலுள்ள ரப்பர்ப் படலத்தையும் அதன் கரிப்பூச்சையும் உரசிவிடாமல் துடைத்தால் அழுத்தத்துக்கு மீண்டும் உடனடி விளைவு கிடைக்கிறது. கேம் பாயின் பெயர்பெற்ற நோய், திரையின் குறுக்கே சில செங்குத்துக் கோடுகள் மறைந்துபோவதாகும். திரையின் அடிவிளிம்பில் வெப்பத்தால் ஒட்டப்பட்ட மெல்லிய நாடாவின் பிடி தளர்வதே அதன் காரணம். திரைப் போர்டை வெளியே எடுத்து, நாடாவின் மீதுள்ள தக்கை போன்ற காப்பை நீக்கி, சால்டரிங் அயர்னை மிதமான சூட்டில் வைத்து, அதன் நுனியின் பக்கவாட்டால் நாடா விளிம்பின் மீது இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினால், பசை இளகி மீண்டும் பிடிக்க, மறைந்த கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. கருவியை இயக்கிய நிலையிலேயே இதைச் செய்வோர் உண்டு. கோடு தோன்றும் கணம் கண்முன் தெரிவதால் எங்கு நிறுத்துவது என்பது விளங்கும். ஒரே இடத்தில் நுனியைத் தங்கவிட்டால் நாடா கருகிவிடும், பின்னர் மாற்று வழியில்லை. கிடைமட்டக் கோடுகள் மறைவது வேறு நாடாவின் பழுது. அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

கேசட்டுகளுக்குள்ளும் காலம் எண்ணப்படுகிறது. ஆடிய நிலையைச் சேமிக்கும் கேசட்டுகளில் அந்நினைவைக் காத்தது, தகட்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்ட லித்தியம் பட்டன் செல் ஒன்றே. ஜப்பானில் 1996-இல் தொடங்கிய ‘போகிமான்’ வரிசைக் கேசட்டுகள் அவ்வகையின. அந்தச் செல் தீர்ந்துவிட்டால் ஒருவர் சிறுவயதில் பல மாதம் ஆடிச் சேர்த்தது அழிந்துவிடும். ஆகவே, அது தீருமுன் சேமிப்பை வேறு கருவியில் படியெடுத்துவிட்டு, அதே அளவு செல்லைத் தகட்டுடன் வாங்கிப் பொருத்துவது மீட்டெடுப்போரின் முறையாகியுள்ளது. வெறும் செல்லின் மீது நேரடியாகச் சால்டர் செய்வது அதை வெடிக்கச் செய்யக்கூடும் என்பதால், தகடு வெல்டு செய்யப்பட்ட செல்லையே கேட்டு வாங்குவது அவசியம்.

மேம்படுத்தலும் அதன் எல்லையும்

பழுதுநீக்கிய கருவியை அதன் அசல் நிலைக்கு அப்பால் கொண்டுசெல்வதே மேம்படுத்தல். கேம் பாய்க்குப் பின்னொளி இல்லாக் குறையை நீக்க, திரையின் பின்புறத்து ஒளிதிருப்பும் தாளை உரித்து, எல்இடி விளக்குப் பலகை செருகும் முறை முதலில் பரவியது. அதற்கடுத்துத் துருவணத் தாளைத் தொண்ணூறு பாகை திருப்பி, அதனால் தலைகீழாகும் வெளிச்சத்தையும் கருமையையும் சிறு ஐசி ஒன்றால் மீண்டும் நேராக்கிக் கூர்மையைக் கூட்டும் நுட்பம் வந்தது. இப்போது அசல் திரையையே அகற்றிவிட்டு, எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையைப் பொருத்தும் தொகுப்புகள் பெருகியுள்ளன. ஒளி கூடக் கூட மின்செலவும் கூடுவதால், டைப்–சி முனையில் மின்னேற்றும் லித்தியம் பேட்டரியும் உடன் சேர்கிறது. தீவுவாசிக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தனி லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம், சரக்காக அனுப்புவதற்கும் விதிகள் கடுமையானவை. ஆதலால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்டார்ச் செல்லில் ஓடும் தன்மையை அங்கு இழந்துவிடுவது இலாபமா என்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

மஞ்சளாகிப் போன கூட்டை ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்து வெயிலில் வைத்து வெளுப்பது மற்றொரு வழக்கம். ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக்கும் அதில் தீத்தடுப்புக்காகக் கலந்த புரோமின் சேர்மங்களும் புற ஊதாக் கதிரால் நிறம் மாறுவதே மஞ்சளின் காரணம் எனக் கருதப்படுகிறது. வெளுப்பு நிலையானதன்று, ஆண்டுகள் சென்றால் மஞ்சள் திரும்பக்கூடும், மிகுந்த வெயிலில் கூடு திட்டுத்திட்டாக வெளிறி நொறுங்கும் தன்மை பெறவும் கூடும். ஆகவே, கூட்டின் நிறத்தை அதன் வயதின் பதிவாக ஏற்று, சோப்பு நீரில் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளும் மீட்டெடுப்பாளர்களின் முடிவே இக்கருவிகளுக்கு நியாயம் செய்கிறது.

கோயில் திருப்பணியிலும் ஓவியப் பாதுகாப்பிலும் வல்லுநர்கள் நெடுங்காலம் வலியுறுத்திவரும் நெறி, செய்த மாற்றத்தைத் திரும்ப நீக்க முடிய வேண்டும் என்பதாகும். அது இங்கும் முழுமையாகப் பொருந்துகிறது. புதிய திரைக்காகக் கூட்டின் உட்புறத்தை வெட்டியெறிந்தால் அசல் திரை ஒருபோதும் அதில் பொருந்தாது; வெட்டாமல் பொருத்தும் தொகுப்பைத் தேர்ந்து, கழற்றிய திரையையும் ஸ்க்ரூக்களையும் சிலிக்கா ஜெல் பையுடன் உறையிலிட்டு, என்ன செய்யப்பட்டது, எந்த நாளில் செய்யப்பட்டது என்ற குறிப்பையும் உடன் வைத்தால், அடுத்துத் திறப்பவருக்கு அது வரலாறாகிறது. ஈரமான தீவுகளில் போர்டின் மீது மெல்லிய காப்பு வார்னிஷ் பூசுவது பயனுள்ளது என்றாலும், கரைக்கக்கூடிய அக்ரிலிக் வகையையே பூச வேண்டும் என்பதும் இந்நெறியிலிருந்தே பிறக்கிறது.

காப்பதற்கான காரணம்

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று காட்டியது. நூலகங்களாலும் நிறுவனங்களாலும் காக்கப்படாத ஒரு பண்பாட்டுப் பகுதி, தனிமனிதர்களின் இழுப்பறைகளில் உள்ள கருவிகளையும் அவற்றை ஓடவைக்கும் கைகளையும் நம்பியே நிற்கிறது என்பதே இதன் பொருள். பிரிக் கேம் போன்ற பெயரற்ற தயாரிப்புகளின் நிலை இன்னும் மோசமானது. அவற்றை உருவாக்கியவர்களின் பெயர்கூடப் பதிவாகாத நிலையில், இந்தியக் குழந்தைகள் ஒரு தலைமுறை முழுவதும் ஆடிய கருவிகளின் வரலாறு, மிஞ்சியுள்ள போர்டுகளைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை.

நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்கக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவ்விரண்டும் நிலப்பகுதிக்குப் பயன் தருவதைக் காட்டிலும் தீவுகளுக்கு மிகுதியாகப் பயன் தர வேண்டியவை. தீவுக்குள் கப்பலில் வரும் ஒவ்வொரு மின்னணுப் பொருளும், பழுதானபின் மீண்டும் கப்பலேறி மறுசுழற்சி ஆலைக்குச் சென்றாலொழிய, ஈயமும் புரோமினும் கொண்ட குப்பையாகப் பவளப்பாறைகள் சூழ்ந்த அந்தச் சிறு நிலத்திலேயே தங்கிவிடும். ஒரு கருவியின் ஆயுளைப் பத்தாண்டு நீட்டுவது, தீவின் மண்ணையும் கடலையும் அத்தனை காலம் காப்பதாகும்.

போர்ட் பிளேரில் டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்விக்கழகமும் தொழிற்பயிற்சி நிலையமும் பல்லாண்டுகளாக மின்னணுவியல் கற்பித்து வருகின்றன. அங்குப் பயிலும் மாணவர் சால்டரிங் கற்பதற்கு, இயங்காத பிரிக் கேமையோ கேம் பாயையோ விட மலிவான, இடரற்ற, விளைவு உடனே கண்ணுக்குத் தெரிகிற பாடப்பொருள் வேறொன்று கிடைப்பதரிது. உப்பு அரித்த தடத்தைக் கம்பியால் பாலமிடவும், கசிந்த கெபாசிட்டரை அடையாளம் காணவும், மின்னழுத்தம் அறுபடும் புள்ளியை மல்டிமீட்டரால் தேடவும் அக்கருவியில் பழகிய கை, நாளை மீன்பிடிப் படகின் ஜிபிஎஸ் கருவியையும் மருத்துவமனையின் கண்காணிப்புக் கருவியையும் அடுத்த கப்பல் வரும்வரை காத்திராமல் இயங்க வைக்கும். ரிச்சி தெருவில் கடைப்பலகையின் வழியே கைமாறிய அறிவைத் தீவின் வகுப்பறைக்குக் கொண்டுவருவது அரிய செயலன்று. பழைய கருவிகளைக் குப்பையில் சேர்க்காமல் சேகரித்துத் தருவதே அதற்கு முதல் தேவை.